ஒன்பது கோழிகளும் ஒரு மடி அரிசியும்

சூசைவிளையில் வயிற்றில் பூச்சி இருக்கிறவர்களின் பின்னால் கோழிகள் நடக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்; அந்தோணியார் கோயில் கொடியேற்றத்துக்கு அப்போது இன்னும் நாற்பது நாள் இருந்தது. முதலில் பார்த்தது மிக்கேலம்மாள்தான். ஆனால் முதலில் பார்த்ததாக அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் கோழிகள் நடந்தது அவள் பின்னால்.

விடிந்ததும் ஜெபமாலை சொல்லி முடித்து, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவளுக்குப் பின்னால் செம்மணலில் ஏதோ சரசரக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் ஒன்பது பெட்டைக் கோழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, கொத்தாமல், கொக்கரிக்காமல், சிலுவைப்பாதைக்குப் போகிறவர்களைப் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தன. முன்னால் வந்தது அவளுடைய சொந்தக் கோழி, காலில் சிவப்பு நூல் கட்டி அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட சாம்பல் நிறப் பெட்டை. மற்ற எட்டும் அக்கம்பக்கத்து வீடுகளுடையவை. அவள் நின்றாள், அவையும் நின்றன. அவள் நடந்தாள், அவையும் நடந்தன. அவள் "சூ" என்று கையை வீசினாள். அவை அதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றன.

மடியில் இருக்கிற அரிசிக்காகத்தான் வருகின்றன என்று அவள் தன் மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். மிக்கேலம்மாளின் மடியில் எப்போதும் ஒரு பிடி புழுங்கல் அரிசி இருக்கும். மூன்று வருடமாக அவளுக்குப் பச்சையாக அரிசி தின்கிற ஆசை; முதலில் சோற்றுக்குப் போடும்போது நாலு மணி வாயில் போட்டாள், பிறகு ஒரு கை, பிறகு பூசை முடிந்து வரும் வழியில், பிறகு பூசை நடக்கும்போதே முக்காட்டுக்குள். பல்லில் அது நறுக்கென்று உடையும்போது உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவும். அந்த நிம்மதி விழுங்குவதற்குள் போய்விடும், மறுபடியும் கை மடிக்குப் போகும். ஐம்பத்துநாலு வயதில், மூன்று பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தி கண்டவள், வெள்ளெலியைப் போல அரிசி கொறிக்கிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? அதனால் புருஷன் வியாகப்பனுக்குக்கூட அது தெரியாது. கோயில் படி ஏறினால் மூச்சு வாங்குவதும், நகம் வெளுத்துக் கரண்டிபோலக் குழிந்துபோனதும் வயசின் கோளாறு என்று வைத்துக்கொண்டாள்.

குழாயடியில் பார்த்தால் தண்ணீருக்கு வந்த பதினோரு பெண்களில் எட்டுப் பேருக்குப் பின்னால் கோழிகள் நின்றன, ஒருத்திக்கு இரண்டு, ஒருத்திக்கு நாலு என்று. ஆண்டவர் மன்னிக்கட்டும், மிக்கேலம்மாளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அது பூச்சிக்கான கோழிதான் என்று ஊருக்குத் தெரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதற்கு முன்னால் டப்பா கதையைச் சொல்ல வேண்டும்.

ஈஸ்டர் முடிந்த வாரம் பக்கத்து ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ரகமத் நிஷா வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தமும் சளியும் பரிசோதிக்கிற பெண். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, மெல்லிய குரல். சூசைவிளைக்காரர்கள் செருப்பில்லாமல் தேரிக்காட்டுச் செம்மணலில் நடக்கிறவர்கள், காலைக்கடனுக்கு உடைமரக்காட்டுக்குப் போகிறவர்கள், அதனால் ஊரில் பாதிப் பேருக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சொல்லி, நீல மூடி போட்ட வெள்ளை டப்பா ஒன்றை வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் கொடுத்தாள். "கொட்டைப்பாக்கு அளவு போதும். காலையில எடுத்த உடனே கொண்டு வரணும், நேரமானா உள்ள இருக்கிற முட்டை பொரிஞ்சு போயிரும், எனக்குக் கணக்குத் தெரியாது" என்றாள். பெண்கள் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆண்கள் வானத்தைப் பார்த்தார்கள். பெயர் எழுதிய டப்பாவில் அதைப் போட்டு, இன்னொரு வீட்டுப் பெண்பிள்ளை கையில் கொடுப்பதா? ஆனாலும் அரசாங்கம் கேட்கிறதே, கொடுக்காமல் இருக்க முடியுமா? மறுநாள் நூற்று நாற்பது டப்பாக்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன.

நிஷா அவற்றைத் திறந்தாள். நாற்பது டப்பாவில் ஆட்டுப்புழுக்கை நசுக்கி வைத்திருந்தது. சிலதில் செம்மண். எழுபது டப்பாவுக்கு மேல், வெந்நீரில் குழைத்த கருப்பட்டி. மேஜை முழுக்க எறும்பு மொய்த்து, மைக்ராஸ்கோப்பின் கழுத்தில் ஏறி, கண் வைக்கிற இடத்தில் ஊர்ந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. "உங்க ஊருல எல்லாருக்கும் வயித்துல கருப்பட்டிதான் இருக்கு, ரொம்ப சந்தோஷம்" என்று மட்டும் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். மிக்கேலம்மாளும் கருப்பட்டிதான் குழைத்திருந்தாள். பக்குவம் தெரிந்தவள் என்பதால் அவள் டப்பாவில்தான் எறும்பு அதிகம் என்று பேச்சு வந்தது.

அதற்கு மூன்றாம் வாரம் கோழிகள் நடந்தன. ஏன் என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. "உடைக்காட்டுல நாம உக்காந்த இடத்துல எல்லாம் கிளறினது அதுகதான, அதுகளுக்குத் தெரியாதது என்ன இருக்கு" என்று வியாகப்பன் சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது, அதற்கு மேல் யாருக்கும் பேச வெட்கமாக இருந்தது. பங்குச் சாமியார் பின்னால் மூன்று கோழி வந்தது; ஞாயிறு பூசையில் அவை பலிபீடத்துப் படியில் வரிசையாக நிற்க, அவர் பிரசங்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு, பின்னால் மூன்றும் ஓடிவர, ஆஸ்பத்திரிக்கு உண்மையான டப்பாவைக் கொண்டுபோனார். நிஷா பார்த்துவிட்டு, கொக்கிப்புழு என்று எழுதினாள், டாக்டர் மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் கோழிகள் சாமியாரை விட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய், ஒன்றும் நடக்காததுபோலக் குப்பையைக் கிளறின. அப்போதுதான் விஷயம் விளங்கியது.

பிறகு எல்லாம் பழகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் முற்றத்தை எட்டிப் பார்த்தார்கள். பஸ் கண்டக்டர் கோழிகளை ஏற்ற மறுத்ததால், சந்தைக்குப் போனவர்களின் கோழிகள் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் சாயங்காலம் வரை காத்துக் கிடந்து, அவரவர் ஆள் இறங்கியதும் எழுந்து கூட நடந்தன. பின்னால் வந்த கோழி வாசலில் முட்டையிட்டால் முட்டை கோழிக்காரருக்கா, பூச்சிக்காரருக்கா என்று சண்டை வந்து, கோயில் கமிட்டித் தலைவர் சந்தியாகு கோழிக்காரருக்கே என்று தீர்ப்புச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர், கோழியை எண்ணியே மாத்திரை கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு நிஷா ஒத்துக்கொள்ளவில்லை. "கோழிக்கு எந்தப் புழுன்னு சொல்லத் தெரியாது சார். எனக்கு டப்பா வேணும்" என்றாள். ஒவ்வொருவராக, தலையைக் குனிந்துகொண்டு, பையில் மறைத்து, டப்பாக்கள் போகத் தொடங்கின. ஊரில் ஆள் பின்னால் நடக்கிற கோழி குறைந்துகொண்டே வந்தது.

மிக்கேலம்மாள் மட்டும் கொடுக்கவில்லை. மற்றவர்கள் கொடுக்கலாம். அவள் எப்படிக் கொடுப்பாள்? திருவிழாவின் கடைசி நாள் நடக்கிற அசனத்தில், பதினெட்டு மூட்டை அரிசி வேகிற அந்த ஊர்ச் சாப்பாட்டில், கொதிக்கிற உலையில் முதல் பிடி அரிசியைப் போடுகிற கை அவளுடையது. இருபத்திரண்டு வருடமாக அவள்தான் போடுகிறாள். "மிக்கேலம்மா கை சுத்தம்" என்று ஊர் சொல்லும். அவள் வீட்டுப் பானையில் முகம் பார்க்கலாம் என்பார்கள். அதைத் தவிர அவளிடம் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது? படித்தது ஐந்தாம் வகுப்பு. இந்த வருடம் கமிட்டி ஒரு சட்டம் போட்டிருந்தது, கோழி பின்னால் வருகிறவர்கள் அசனச் சட்டியைத் தொடக்கூடாது என்று.

அதனால் அவள் விடியுமுன்னே தன் கோழியின் மேல் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேலே அம்மிக்கல்லை வைத்தாள். மற்ற எட்டும் வந்தால் தொழுவத்தில் அடைத்தாள். வெளியே போவதை உச்சிவெயிலுக்கு மாற்றிக்கொண்டாள், கோழிகள் மணலில் குழி பறித்துச் சுருண்டு கிடக்கிற நேரத்துக்கு. யாராவது பார்த்துவிட்டால், "மடியில கொஞ்சம் அரிசி வச்சிருக்கேன், அதான் வருதுக" என்று சிரித்தாள். கை சுத்தமானவள் என்பதால் ஊரும் அதை நம்பியது.

"எனக்கு ரெண்டு, உனக்கு ஒன்பது. வீட்டுல பெரியாளு நீதாம்ட்டி" என்றான் வியாகப்பன். அவன் டப்பா கொடுத்து, மாத்திரை போட்டு, கோழி இல்லாதவனாகிவிட்டான். "போயிட்டு வாயேன். அந்தப் புள்ள ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. பாக்கு அளவுதான."

"அசனம் முடியட்டும்" என்றாள் அவள்.

அசனத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கோயில் சமையல் கொட்டகையில் அரிசி புடைத்தார்கள். இருபது பெண்கள், இருபது முறம். மிக்கேலம்மாளின் பக்கத்தில் பிரகாசி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், புருஷன் கேரளாவுக்கு மீன் வேலைக்குப் போய் நாலு வருடமாகத் திரும்பவில்லை. காலையில் தெருத்தெருவாக இடியாப்பம் விற்று மகளைப் படிக்க வைக்கிறாள். கோழி நடந்த முதல் நாளிலிருந்தே அவள் பின்னால் ஒரு குஞ்சுகூட வந்ததில்லை. வீட்டில் வெந்நீரும் செருப்பும் இல்லாமல் ஒரு காரியமும் செய்யமாட்டாள். மிக்கேலம்மாளை அத்தை என்பாள், தினமும் காலையில் முதல் இடியாப்பம் மிக்கேலம்மாள் வீட்டுக்குத்தான்.

புடைத்துக்கொண்டிருக்கையில் வாசலில் சரசரப்புக் கேட்டது. அம்மிக்கல்லைத் தள்ளிவிட்டுச் சாம்பல் நிறக் கோழி முன்னால் வர, எட்டும் பின்னால் வந்தன. கொட்டகைக்குள் நுழைந்து, முறங்களின் நடுவே வழி பார்த்து வந்து, மிக்கேலம்மாளும் பிரகாசியும் உட்கார்ந்திருந்த மூலையில் அரைவட்டமாக நின்றன.

முறச் சத்தம் ஒன்றொன்றாக அடங்கியது.

"யாருக்குட்டி இது?" என்றாள் ஒருத்தி.

"ஒன்பதா? எம்மா."

மிக்கேலம்மாளின் கை மடிக்குப் போனது. எப்போதும் போகிற கைதான், ஆனால் அன்றைக்கு வாய்க்கு வரவில்லை. ஒரு பிடி அரிசியை எடுத்துப் பிரகாசியின் முதுகுக்குப் பின்னால் மெதுவாகச் சரித்துவிட்டது. மூன்று நாலு கோழிகள் அங்கே நகர்ந்து கொத்தின. எல்லோர் கண்ணும் கூடவே நகர்ந்தது.

"பிரகாசி, உனக்கா?"

"எனக்கா? எனக்கு எங்க..." என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது மிக்கேலம்மாள் சொன்னாள்: "பாவம், சின்னப் புள்ள. ஒண்ணும் சொல்லாதீங்க." அரிசி போட்டது ஒரு பாவம் என்றால், இரக்கம்போலச் சொன்ன இந்தச் சொல் அதைவிடப் பெரிய பாவம் என்று அவளுக்குச் சொல்லும்போதே தெரிந்தது, தெரிந்தும் வாய் சொல்லி முடித்தது.

பிரகாசி தரையைப் பார்த்தாள். பிறகு மிக்கேலம்மாளின் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த இரண்டு அரிசி மணியைப் பார்த்தாள். முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் போனபோது கோழிகள் அவளுடன் போகவில்லை. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் முதல் தெருவில் இடியாப்பம் வாங்க ஆள் இல்லை. "இன்னைக்கு வேண்டாம்மா, தோசை ஊத்திட்டேன்" என்று வீட்டுக்கு வீடு கதவுக்குள்ளிருந்து சொன்னார்கள். பிரகாசி டப்பா கொண்டுபோனாள். நிஷா ஒரு நாள் பார்த்தாள், இல்லை. ஒரு நாள் தப்பலாம் என்று இரண்டாம் நாள் பார்த்தாள், இல்லை. மூன்றாம் நாளும் பார்த்து, புழு முட்டை காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சந்தியாகு அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காகிதம் சரிதாம்மா. ஆனா ஒன்பது கோழி வந்து நின்னத இருபது பேரு பாத்திருக்காங்களே. கோழி இதுவரைக்கும் ஒருத்தர் விஷயத்துலயாவது தப்பாச் சொல்லிருக்கா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை.

மிக்கேலம்மாளால் ஜெபிக்க முடியவில்லை. ஜெபமாலையை எடுத்தால் முதல் பத்திலேயே மணி நின்றுவிடும், அரிசி மணியைப்போல விரலில் ஒட்டிக்கொண்டு உருள மறுக்கும். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். முழங்காலில் இருந்து, "ஒரு சின்னப் பொய் சொல்லிட்டேன் சாமி" என்றாள். சின்னதா என்று சாமியார் கேட்கவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரியவில்லை, இந்தப் பக்கம் ஒன்பது கோழிகள் அவளைச் சுற்றி மண்டியிட்டதுபோல உட்கார்ந்திருந்தன. எழுந்தபோது அவையும் எழுந்தன. அவள் பாதியைத்தான் சொன்னாள் என்பது அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வருகிற வழியில் பிரகாசியின் வீடு. பின்பக்கம் பிரகாசி விற்காமல்போன இடியாப்பத்தைக் கூடையோடு மணலில் கொட்டிக்கொண்டிருந்தாள், ஆவி அடங்கி வெள்ளை வெளேரென்று. மிக்கேலம்மாள் வேலியோரம் நின்றுவிட்டாள். பிரகாசி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கோழிக்கு இடியாப்பத்தைவிட வேறு என்ன வேண்டும்? போகட்டும், தின்னட்டும், என்னை விட்டால் போதும் என்று மிக்கேலம்மாள் நினைத்தாள். ஒன்பது கோழிகளும் அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்தன. ஒன்றுகூட அசையவில்லை. அவள் மடியை அவிழ்த்து, இருந்த அரிசியை எல்லாம் இடியாப்பத்தின் மேலேயே உதறிவிட்டு, வெறும் மடியோடு பத்து அடி நடந்தாள். அரிசியைத் தாண்டி, இடியாப்பத்தைத் தாண்டி, ஒன்பதும் வரிசையாக அவள் பின்னால் வந்தன.

அரிசிக்காக வரவில்லை. இனி அந்தப் பொய்யை அவளால் தனக்கேகூடச் சொல்லிக்கொள்ள முடியாது.

திங்கட்கிழமை காலை, முதன்முறையாகக் கருப்பட்டி இல்லாத டப்பாவை எடுத்துக்கொண்டு, தேரியைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கையில் மஞ்சள் பை. உள்ளே டப்பா சூடாக இருந்தது; அந்தச் சூடு பையைத் தாண்டி, சேலையைத் தாண்டி முகம்வரை ஏறியது. வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். அவள் உட்கார்ந்த இடமெல்லாம் கோழிகளும் உட்கார்ந்தன.

"வாங்கம்மா" என்றாள் நிஷா. டப்பாவை வாங்கி மூடியைத் திறந்து, முகம் சுளிக்காமல், குச்சியால் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் உப்புத் தண்ணீரோடு கலந்தாள். மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருகினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பாக்குறீங்களா?"

"நானா? அதப் போயா, நிஷாம்மா."

"உங்களோடதுதானம்மா."

மிக்கேலம்மாள் குனிந்து ஒரு கண்ணை வைத்தாள். முதலில் ஒரே மங்கல். பிறகு அந்த மங்கலுக்குள், சோப்புக் குமிழி மாதிரி மெல்லிய ஓட்டோடு, நீளவட்டமாக, ஒன்று தெரிந்தது. அதற்குள் நாலு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சுத்தமாக, அழகாகக்கூட. பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பக்கம் மூன்று. பார்க்கப் பார்க்க எண்ண முடியவில்லை.

"அரிசிய நாலு நாலாப் பொட்டலம் கட்டுன மாதிரி இருக்கே" என்றாள்.

"கொக்கிப்புழு முட்டை. காலு வழியா ஏறி, குடல்ல கொக்கி போட்டுத் தொங்கி, ரத்தத்தக் குடிக்கும்." நிஷா அவள் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தாள், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "பச்சரிசி, மண்ணு, சாம்பல், இதுல ஏதாவது திங்கணும்னு தோணுமா?" என்று கேட்டாள்.

மிக்கேலம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மூன்று வருடமாகப் புருஷனுக்கும் சாமிக்கும் தெரியாமல் பொத்தி வைத்ததை இந்தப் பெண் ஒரு கண்ணாடித் துண்டில் வாசித்துவிட்டாள்.

"அரிசி. புழுங்கலரிசி" என்றாள். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"ரத்தம் வத்திப்போனா அப்படித்தான் தோணும். நோய்தாம்மா அது. உங்க குணம் இல்ல."

அந்தச் சொல்லில் நனைந்து நின்றுவிடலாம்போல இருந்தது அவளுக்கு. ஆனால் அரிசி தின்றது நோய் என்றால், அரிசியைப் பிரகாசி முதுகுக்குப் பின்னால் போட்டது எது? அதற்கு எந்தக் கண்ணாடித் துண்டில் என்ன பெயர் எழுதுவார்கள்?

டாக்டரிடம் காட்டி, ரத்தம் எடுத்து, இரும்புச்சத்து மாத்திரை ஒரு கட்டும் பூச்சி மாத்திரை ஒன்றும் வாங்கிக் கொடுத்தாள் நிஷா. "இப்பவே முழுங்கிருங்க. மூணு நாள்ல போயிரும். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி டப்பா கொண்டு வாங்க."

"வீட்டுல போயி சோத்துக்கப்புறம் போட்டுக்கிடுதேன்" என்று மிக்கேலம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அசனத்துக்கு நாலு நாள் இருந்தது. கணக்கு எளிதுதான். இன்றைக்கு விழுங்கினால் வியாழக்கிழமை கோழி போய்விடும். வெள்ளிக்கிழமை கோழியில்லாமல் கொட்டகைக்குள் நடந்து போய் முதல் பிடியைப் போடலாம். கை சுத்தமான கையாகவே இருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, பிரகாசிக்குத் தவிர. பிரகாசியை யார் நம்புவார்கள்? நாலு நாளும் அவள் அந்த முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அவிழ்ப்பாள், கட்டுவாள், ஆண்டவரே என்பாள், அதற்குமேல் ஜெபம் வராது. நாலு நாளும் பிரகாசி இடியாப்பக் கூடையோடு அவள் வாசலைத் தாண்டி, நிற்காமல், கூவாமல் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை கொட்டகையில் உலை கொதித்தது. ஊர் கூடி நின்றது. தென்னை ஓலைப் பந்தலுக்கு வெளியே, சட்டி கழுவக்கூட அழைக்கப்படாதவளாக, மகள் கையைப் பிடித்துக்கொண்டு பிரகாசி நின்றாள். அசனத்துச் சோறு எல்லோருக்கும் உரியது, சாப்பிட வரலாம். "மிக்கேலம்மா வந்தாச்சா?" என்று சந்தியாகு கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மிக்கேலம்மாள் வந்தாள். வெளுத்த சேலை, ஈரத் தலை, பின்னால் ஒன்பது கோழிகள்.

கொட்டகை வாசலுக்கு ஐந்தடி முன்னால் நின்றாள். மடியை அவிழ்த்து உதறிக் காட்டினாள். ஒரு மணிகூட விழவில்லை. பந்தலை ஒரு சுற்று நடந்தாள், கோழிகளும் சுற்றின. பிரகாசியின் பக்கத்தில் போய் நின்றாள். கோழிகள் பிரகாசியைக் கடந்து அவளைச் சுற்றி நின்றன. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள், குரல் உலைச் சத்தத்துக்கு மேலே வரவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"இது ஒன்பதும் என்னோடது. முதல் நாளுல இருந்தே என்னோடதுதான். அன்னைக்கு இவ முதுகுக்குப் பின்னால அரிசியப் போட்டது நான். இவளுக்கு ஒண்ணும் இல்ல. கோயில் அரிசியையும் திருடித் தின்னிருக்கேன்."

கதவுக்குள்ளிருந்து தோசை ஊற்றிவிட்டேன் என்று சொன்ன பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள். கோழிகள் தலையைக் குனிந்தே இருந்தன. சந்தியாகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

மிக்கேலம்மாள் பிரகாசியைப் பார்த்தாள். மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் வந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு கேட்க வாய் வரவில்லை.

"கேட்டாச்சு அத்தே" என்றாள் பிரகாசி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கோழி வழிய மறிக்குது."

மிக்கேலம்மாள் தள்ளி நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை வாயில் போட்டாள். வியாகப்பன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவளோடு கோழிகளுக்கு நடுவிலேயே நின்றுகொண்டான். உலை பொங்கி விறகில் வழிந்தது. "யாராவது போடுங்கம்மா, தண்ணி வத்துது" என்றார் சாமியார். ஒரு பெண்ணும் முன்னால் வரவில்லை. எல்லோர் கையும் எல்லோருக்கும் அழுக்காகத் தெரிந்தது. கடைசியில் பிரகாசி மகளின் கையை விட்டாள். குழாயில் கையை முழங்கைவரை கழுவினாள், இன்னொரு தரம் கழுவினாள், ஒரு பிடி அரிசியை அள்ளி உலையில் போட்டாள். போட்டுவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள் எட்டுக் கோழிகள் போய்விட்டன. சாம்பல் நிறக் கோழி போகவில்லை. நேர்ச்சைப்படி அதைத் திருவிழா ஏலத்தில் விட்டிருந்தார்கள், எடுத்தவர் சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்தார், "கயித்த அறுத்துட்டு உங்க வீட்டுப் பக்கமே பாக்குது மைனி" என்று. இரண்டு வாரம் கழித்து நிஷா பார்த்தாள், முட்டை இல்லை. இன்னும் இரண்டு நாள் பார்த்தாள், இல்லை. நகத்தில் ரத்தம் ஊறி வந்தது, அரிசி ஆசை ஒரு காலையில் சொல்லாமல் போய்விட்டது. "புழு இல்லையேம்மா, அப்புறம் ஏன் இது வருது?" என்று நிஷா ஜன்னல் வழியாகக் கோழியைப் பார்த்துக் கேட்டாள். மிக்கேலம்மாளும் திரும்பிக் கோழியைப் பார்த்தாள். ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கோழியோடு அவள் பூசைக்குப் போனாள், குழாயடிக்குப் போனாள், இரண்டாம் தடவை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழுசும் சொன்னாள். அடைக்கவில்லை, விரட்டவில்லை. யாராவது கேட்டால், "எனக்குத்தான்" என்றாள். ஆடி போனது, ஆவணி போனது. பிரகாசியின் இடியாப்பத்தை ஊர் பழையபடி வாங்கியது, சில வீடுகளில் தேவைக்கு அதிகமாகவே. மிக்கேலம்மாள் வாசலில் மட்டும் கூடை இறங்கவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரவும் இல்லை. அந்த உரிமை தனக்கு இல்லை என்று உள்ளேயே நின்று, தெருவில் அந்தச் செருப்புச் சத்தம் கடக்கும்வரை காத்திருப்பாள்.

புரட்டாசியில் ஒரு காலை செருப்புச் சத்தம் கடக்கவில்லை. நின்றது.

"அத்தே."

மிக்கேலம்மாள் கதவைத் திறந்தாள். பிரகாசி கூடையை இறக்கி, ஈரத்துணியை விலக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"எப்பவும்போல பத்துத்தான?"

"பத்துத்தாம்மா."

"இன்னைக்கு உப்பு ஒரு கல்லு கூடிட்டு. பாத்துக்கிடுங்க."

தட்டு எடுக்க உள்ளே போய்த் திரும்பியபோது மிக்கேலம்மாளுக்குப் பின்னால் சரசரப்பு இல்லை. முற்றத்தில், முருங்கை நிழலில், சாம்பல் நிறக் கோழி மணலைக் கிளறிக் குழி பண்ணி, சிவப்பு நூல் கட்டிய காலை நீட்டிக்கொண்டு, எந்தக் கோழியும் படுக்கிறதைப்போலப் படுத்துக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே பிரகாசியின் முன்னால் நீட்டினாள்.